கொற்கையை விட்டோம், காயலை விட்டோம்

தாமிரபரணியின் கடைமடையில் துறைமுகம் ஓரிடத்தில் நிலைத்து நின்றதில்லை. முதலில் கொற்கை. அங்கே மண் மேவியதும் ஆற்றோடு கீழே இறங்கிக் காயல். காயலும் தூர்ந்த பிறகு ஆற்றின் வாயையே விட்டு விலகி, வடக்கே தூத்துக்குடி. இந்த இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை நாங்கள், இந்த மாவட்டத்துக்காரர்கள், மேடைக்கு மேடை சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறோம். சென்னைக்குப் போகும் ரயில் முத்துநகர் எக்ஸ்பிரஸ். துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கொற்கைப் பாண்டியன் வேஷம் கட்டாத வருஷம் இல்லை. ஆனால் அந்த வரலாற்றில் எங்கள் பங்கு என்ன என்று நேர்மையாகக் கேட்டுப் பார்த்தால், ஒவ்வோர் இடத்தையும் கைவிட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனது மட்டும்தான் மிஞ்சுகிறது.

முன்னோர்கள் கொற்கையை விட்டுப் போனதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மலையிலிருந்து இறங்குகிற ஆறு மண்ணையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். கடலை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, சுமந்து வந்ததை இறக்கிவைக்கும். முகத்துவாரத்தில் திட்டு விழும், திட்டு மேடாகும், மேட்டில் நாணல் முளைக்கும், பிறகு நெல்லும் வாழையும் வரும். கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருப்பது இப்படித்தான். அதைத் தடுத்து நிறுத்த அன்றைக்கு யாராலும் முடிந்திருக்காது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நாங்கள் விட்டவற்றுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. ஆற்றையும் தீவுகளையும் கண்ணெதிரே, தெரிந்தே விட்டோம். தூத்துக்குடிக்குப் ‘பசுமைத் துறைமுகம்’ என்ற பெயர் வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் அதை ஒப்புக்கொண்டாக வேண்டும். பெயர் நிலைத்துவிட்ட பிறகு சொன்னால் யார் காதிலும் விழாது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் கொற்கை வருகிறது. பாண்டியருக்கு உட்பட்ட ஊர், அங்கே முத்துக்குளிப்பு நடக்கிறது, குளிக்க இறக்கப்படுகிறவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது அது. முத்தைப் பற்றிப் பேசுகிற நாங்கள் மூச்சடக்கி மூழ்கியவனைப் பற்றிப் பேசுவதே இல்லை. பாண்டியனின் கொடியையும் காசையும் பாடமாக வைத்திருக்கிறோம். குற்றவாளிகளைக் குளிக்க இறக்கிய அந்தத் தகவலைச் சொல்லிக்கொடுத்த வகுப்பறை இந்த மாவட்டத்தில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது. கைவிடுவதில் எங்களுக்கு உள்ள பழக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது. சம்பாதித்துக் கொடுத்தது எதுவோ அது நினைவில் நிற்கும். சம்பாதித்துக் கொடுத்தவர் நிற்கமாட்டார்.

1870களில் கால்டுவெல் கொற்கையில் தோண்டிப் பார்த்தார். பழையகாயலில் தரையெங்கும் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் துண்டுகளைப் பார்த்து, மார்க்கோ போலோ சொன்ன துறைமுகம் இதுதான் என்ற முடிவுக்கு வந்தார். ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் வந்திறங்கிய துறை. (காயல்பட்டினம்தான் அது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.) அதன் பிறகு 1968-69இல் மாநிலத் தொல்லியல் துறை கொற்கையில் குழி போட்டது. அங்கே கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 என்று கணக்கானது. அடுத்த பெரிய அகழாய்வுக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் ஐம்பது ஆண்டுகள். அந்த ஐம்பது ஆண்டுகளில் எத்தனை எம்.எல்.ஏ.க்கள், எத்தனை எம்.பி.க்கள், எத்தனை கல்லூரி வரலாற்றுத் துறைகள் இருந்தன என்பதை எண்ணிக்கொள்ளலாம். அவர்களை மட்டும் சொல்வானேன். ஏரல் பக்கமிருந்து வாழைத்தோட்டங்களுக்கு நடுவே கொற்கைக்குப் போகிற ரோட்டில், வெற்றிவேலம்மன் கோயிலுக்கும் முதிர்ந்த அந்த வன்னிமரத்துக்கும் போய்வருகிற எங்களில் எவரும், உழும்போது ஏர்முனையில் தட்டுகிற சங்குத் துண்டுகளை யாரிடமாவது கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று முனைந்ததில்லை. வரப்போரம் ஒதுக்கிவிட்டு அடுத்த சாலுக்குப் போனோம்.

ஆனால் நாங்கள் வெட்கப்பட வேண்டிய முதல் விஷயம் பழம்பொருள் பற்றியதில்லை. ஆறு பற்றியது.

பொதிகையில் பிறந்து இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவாகவே ஓடி, ஒரே மாநிலத்துக்குள் பிறந்து முடிகிற ஆறு தாமிரபரணி. காவிரி மாதிரி பக்கத்து மாநிலத்தைக் கைகாட்ட முடியாது. இதில் எது கெட்டிருந்தாலும் கெடுத்தது நாங்களும் மேலே இருக்கிற நெல்லைக்காரர்களும்தான். எட்டு அணைக்கட்டுகளில் கடைசி, ஸ்ரீவைகுண்டம். 1870களில் கட்டியது. அதன் மேல்புறத்தில் பல ஆண்டுகள் நின்றது தண்ணீரைவிட வண்டலும் சீமைக்கருவேலமும் அமலையும்தான். மழைக்காலத்தில் வெள்ளம் அணையைத் தாண்டி வீணாகக் கடலுக்குப் போகும். மாசி, பங்குனியில் வடகால், தென்கால் இரண்டிலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. தூர்வார வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போய், 2015இல்தான் வேலை தொடங்கியது. பாட்டன் காலத்தில் குடிமராமத்து என்று ஊரே இறங்கிச் செய்த வேலைக்கு நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. உத்தரவு வாங்கியவர்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

அதே அணையிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லியன் கேலன் தண்ணீர் எடுக்கும் திட்டம் எழுபதுகளில் வந்தது. லிட்டர் கணக்கில் ஒன்பது கோடி. வயல் காய்ந்த வருஷங்களிலும் அந்தக் குழாய் காயவில்லை. விவசாயிகள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபோது, நகரத்தில் இருந்த எங்களுக்கு அது ‘கிராமத்துப் பிரச்சினை’. நகரத்தில் தெருக்குழாய் முன் குடம் வரிசை போட்டபோது, அது ‘மாநகராட்சிப் பிரச்சினை’. இரண்டும் ஒரே தண்ணீர் என்று சேர்த்துப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

மணல் கதை இதைவிட மோசம். கொற்கையை மூடிய அதே மணல்தான் ஆற்றின் உயிர். ஓடி முடிந்த பிறகும் தண்ணீரை அடியில் பிடித்துவைத்திருப்பது அது. லாரி லாரியாக அது போனபோது நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். யூனிட் என்ன விலை என்றுதான் கேட்டோம். எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. 2010இல் எண்பத்தைந்து வயதில் கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் தானே நின்று வாதாடித் தாமிரபரணி மணலுக்குத் தடை வாங்கினார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். அவரைப் பாராட்டிக் கூட்டம் போட்டோம், சால்வை போர்த்தினோம். தடைக்குப் பிறகும் இரவில் ஓடிய வண்டிகளைப் பற்றிப் புகார் கொடுக்கிற பொறுப்பை அரசு ஊழியர் ஒருவரின் தலையில் விட்டோம். 2023 ஏப்ரலில் முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காகத் தன் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த மணலில் கொஞ்சம் எங்கள் மாடியறைகளில் இருக்கும்.

ஆற்றின் கடைசி ஊர் புன்னைக்காயல். அங்கே இன்றும் படகுகள் முகத்துவாரத் திட்டில் தட்டுகின்றன. ஏற்றத்துக்குக் காத்திருந்துதான் உள்ளே வர வேண்டும். மீனவர்கள் தூர்வாரச் சொல்லியும் தூண்டில் வளைவு கேட்டும் மனு கொடுத்து வருகிறார்கள். கொஞ்சம் மேலே, ஆத்தூர்ப் பக்கம், கடல் உப்பு ஏறி நிலத்தடி நீர் கரிக்கிறது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாளிதழில் படம் போட்டு மகிழ்ந்தோம். வெற்றிலைக் கொடிக்காலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பது அந்தச் செய்தியில் இல்லை.

இனி கடலுக்கு வருவோம்.

ஆறில்லாத தூத்துக்குடி எப்படித் துறைமுகமானது? பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர், 1658இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவரும் இந்தக் கரைக்கு ஆசைப்பட்டதற்கு முத்தும் சங்கும் மட்டும் காரணமில்லை. எதிரே வரிசையாகக் கிடக்கிற தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் அலையை முறித்துக் கொடுத்தன. வடகிழக்கு வாடையானாலும் தென்மேற்குக் கச்சானானாலும் தோணி ஓரளவு நிம்மதியாக நிற்கக்கூடிய கரை இது. கொற்கையை ஆறு கொடுத்தது என்றால் தூத்துக்குடியைக் கொடுத்தவை தீவுகள். ஆழம் போதாது; பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட, தோணிகள் போய் ஏற்றி இறக்கும். ஆனாலும் துறை நின்றது, தீவுகள் நின்றதால்.

அந்தத் தீவுகளை நாங்கள் உடைத்துத் தின்றோம். இதை வேறு எப்படியும் சொல்ல முடியாது. முருகைக்கல் என்று நாங்கள் சொல்வது பவளத்தின் எலும்பு. கடப்பாறையால் நெம்பிப் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, கரையில் கொண்டுவந்து குவித்தார்கள். கொஞ்சம் சுவருக்குக் கல்லாகப் போனது, கொஞ்சம் காளவாசலில் வெந்து சுண்ணாம்பானது, மிச்சம் ஆலைகளுக்குப் போனது. ஊரின் பழைய வீடுகளில் காரை உதிர்ந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தால் தெரியும்: சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள், தேன்கூடு போல நெருக்கமாக, சொரசொரவென்று. ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்தது. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்த பவளங்களை ஒரு பகலில் ஒரு வள்ளம் கொள்ளுமளவுக்கு எடுத்தோம். கூலிக்கு எடுத்தவர்களை நான் சொல்லவில்லை. வாங்கிக் கட்டியவர்களைச் சொல்கிறேன். அதில் எங்கள் கோயில்களும் உண்டு, தேவாலயங்களும் உண்டு, பள்ளிக்கூடங்களும் உண்டு.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் என்றும் ஆனது. 2001இல் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்போடு சேர்த்தார்கள். அப்போதும் கல் எடுப்பது முழுதாக நிற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகுதான் நின்றது. அலை வந்தபோது தீவுகள் என்ன செய்யும் என்று கரையில் நின்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லி கடலுக்குள் போயிருந்தது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் போயிருந்தது. 21 என்று அரசாணையில் எழுதிய தீவுகளில் இரண்டைத் தண்ணீருக்கு மேல் பார்க்க முடியாது. காரியாச்சல்லி 1969இல் இருபது ஹெக்டேருக்கு மேல் இருந்த தீவு. இன்றைக்கு ஏறத்தாழ மூன்று ஹெக்டேர். வான் தீவும் கரைந்து கரைந்து இரண்டாகப் பிளக்கும் நிலைக்கு வந்தபோது, சுற்றிலும் ஆயிரக்கணக்கான கான்கிரீட் கூடுகளை இறக்கிச் செயற்கைப் பாறை அமைத்தார்கள். தூத்துக்குடியிலேயே இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து செய்த வேலை. அரிப்பு குறைந்தது, கூடுகளில் மீன் வந்தது, பவளமும் ஒட்டி வளரத் தொடங்கியது. இந்த ஊரில் நடந்த மிக நல்ல காரியங்களில் ஒன்று அது. ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? புதிதாகத் திறந்த பிரியாணிக் கடையின் பெயர் தெரிந்த அளவுக்குத் தெரியாது.

நாங்கள் தீவுகளைப் பார்க்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவற்றின் தேவை தீர்ந்துவிட்டது என்று நினைத்தோம். கடலுக்குள் ஏறக்குறைய நான்கு நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கல்லால் எழும்பின. நடுவே கப்பல் வந்து அணையும் ஆழ்கடல் துறைமுகம். 1974 ஜூலை 11 அன்று அது இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமானது. நீண்ட கனவு அது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதில்தான் வேலைக்குப் போனார்கள், எங்கள் ஊர் அதில்தான் வளர்ந்தது. ஆனால் ஆறும் வேண்டாம், தீவும் வேண்டாம், சுவர் இருக்கிறது என்ற எண்ணமும் அந்தக் கல்லோடு சேர்ந்தே எங்களுக்குள் இறங்கியது.

அதற்குப் பிறகு கரைக்கு எது வந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டோம். 1979 தொடங்கி 1991 வரை அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகள், மொத்தம் 1,050 மெகாவாட். பிறகு 1,000 மெகாவாட் புதிய நிலையம். நிலக்கரி கப்பலில் வந்து இறங்குகிறது. எரிந்த சாம்பலில் ஒரு பங்கு நீரில் கரைத்துக் கடலோரக் குளத்துக்குப் போகிறது. அந்தச் சாம்பல் நீர் கடலில் கலப்பது பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குகள் போயின. வழக்குப் போட்டவர்களை ‘வேலை இல்லாதவர்கள்’ என்று டீக்கடையில் சொன்னது நாங்கள்தான்.

செப்பு உருக்காலை வந்த கதையும் இப்படித்தான். 1996இல் தாது ஏற்றி வந்த கப்பலை மீனவர்கள் படகுகளோடு சூழ்ந்து மறித்தார்கள். முதலில் புரிந்துகொண்டவர்கள் அவர்கள். மற்றவர்கள் புரிந்துகொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இடையில் உப்பாற்று ஓடைக்கரையில் கழிவு மலைபோல் குவிந்தது, அதைக் கடந்துதான் நெடுஞ்சாலையில் திருநெல்வேலிக்குப் போய்வந்தோம். குமாரரெட்டியாபுரத்து மக்கள் மரத்தடியில் நாள் கணக்கில் உட்கார்ந்த பிறகுதான் நகரம் எழுந்தது. போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்த உயிர்களுக்குச் சுட்டவர்களும் சுடச் சொன்னவர்களும் பதில் சொல்ல வேண்டும்; அந்தக் கணக்கு அவர்களுடையது, அதில் பங்கு கேட்டு அவர்களின் சுமையைக் குறைக்க நான் வரவில்லை. எங்கள் கணக்கு அதற்கு முந்தைய இருபது ஆண்டு மௌனம். மீனவர்களின் படகுகளோடு அன்றே நாங்களும் நின்றிருந்தால், நூறாவது நாள் ஊர்வலத்துக்கு அவசியமே வந்திருக்காது.

இதெல்லாம் பெரிய ஆலைகள் செய்தவை, வீட்டில் இருக்கிற நாம் என்ன செய்தோம் என்று கேட்கிறவர்கள் திரேஸ்புரத்துக்கு ஒரு தடவை போய்வர வேண்டும். நகரத்தின் நடுவே ஓடி வருகிற பக்கிள் ஓடை அங்கேதான் கடலில் சேர்கிறது. மழைநீருக்காக இருந்த வாய்க்காலில் வருவது எங்கள் குளியலறை, கழிவறை, அடுக்களைத் தண்ணீர். கரையில் கட்டிய படகுகளின் அடிப்பலகை வரை கறுப்பு ஏறியிருக்கும். அந்தத் தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கித்தான் படகைத் தள்ளுகிறார்கள். உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் தினம் தினம் இறங்குகிற அந்தக் கறுப்புக்கு எந்த முதலாளியும் பொறுப்பில்லை. அது வீட்டுக்கு வீடு நாங்கள் அனுப்புவது.

வ.உ.சி. பெயரை 2011இல் துறைமுகத்துக்கு வைத்தோம். அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் பதிவானபோது மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். இப்படிச் சிறு பங்குகளாகப் பிரித்ததற்குக் காரணம் இருந்தது. கப்பல் ஊராருடையதாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். 1908இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். வெளியே இருந்தவர்கள் மூன்றே ஆண்டுகளில் கம்பெனியைக் கலைத்தார்கள். கப்பலும் கைமாறிப் போனது. செக்கிழுத்த செம்மல் என்று படம் மாட்டி வைத்திருக்கிற எங்களுக்கு, கம்பெனியைக் கைவிட்டவர்களும் இந்த ஊர்க்காரர்களே என்பதும் தெரியும். அவருடைய பெயரில் இருக்கிற துறைமுகத்தின் ஆண்டறிக்கையை ஒருமுறையாவது வாங்கிப் படித்தவர்கள் எங்களில் எத்தனை பேர்?

2023 டிசம்பரில் வந்த மழை எங்கள் கணக்கை ஒரே நாளில் திறந்து காட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். ஆற்றின் வடகால் கடைசியில் போய்ச் சேர்கிற கோரம்பள்ளம் குளம் உடைந்து நகரத்துக்குள் தண்ணீர் வந்தது. முத்தம்மாள் காலனி மாதிரிப் பகுதிகளில் நாள் கணக்கில் வடியவில்லை. ஏரல் பாலம் அறுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தனித்தீவாக நின்றது. அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது பக்கத்தில் இருந்த புதுக்குடி மக்கள். ஆறு தூரத்தில் இருக்கிறது, அதற்கும் துறைமுக நகரத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்தவர்களின் வரவேற்பறைக்கு அது வந்து போனது. தண்ணீர் வடிந்ததும் நிவாரணம் ஆறாயிரம் ரூபாய் வந்ததா என்று கேட்டோம். குளம் ஏன் உடைந்தது, ஓடைகள் எங்கே போயின, யார் வீடு எந்த வாய்க்காலின் மேல் இருக்கிறது என்ற கேள்விகளைப் பொங்கல் வந்ததும் விட்டோம். அவற்றுக்குப் பதில் எங்கள் பத்திரங்களிலேயே இருந்தது.

இப்போது பசுமை வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று வெளித்துறைமுகத் திட்டத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2025 செப்டம்பரில் துறைமுக வளாகத்தில் சிறிய அளவில் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகனங்களுக்கும் அதிலிருந்து மின்சாரம். காற்றாலை, சூரியத் தகடு, மின்சாரக் கிரேன் எல்லாம் வந்திருக்கின்றன. இவை நல்ல காரியங்கள். மனதாரச் சொல்கிறேன். நிலக்கரித் தூசியில் துணி காயப்போட்டுப் பழகிய ஊருக்கு இது தேவை. ஆனால் அதே தளங்களில் இன்றும் மலைமலையாக இறங்குவது நிலக்கரி. ஹைட்ரஜன் எடுக்கத் தண்ணீர் வேண்டும், அது ஆற்றுத் தண்ணீரா? கடல்நீரைச் சுத்திகரித்து என்றால், மிஞ்சுகிற கொடும் உவர்நீர் எந்தத் தீவின் பக்கம் போய் விழும்? முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளங்களைத் தொழிற்சாலைக்குக் கேட்கிறார்கள். பாத்தியில் உப்பு வாரிப் பிழைக்கிற பெண்கள் எங்கே போவார்கள்? மழைக்கால மூன்று மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய் உதவித்தொகை வாங்குகிற அவர்களுக்கு, அளமே போய்விட்டால் எந்த மாதத்துக்கு எந்த உதவித்தொகை? குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைகிற கரை இது. அதை விளைவிக்கிறவர்களின் பெயர் எந்தப் பசுமைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலும் இருக்காது, நாங்கள் கேட்டு எழுத வைத்தால் ஒழிய.

நெதர்லாந்தின் ராட்டர்டாமும் ஆற்றங்கரையில் பிறந்து கடலை நோக்கி நகர்ந்த துறைமுகம்தான். கடைசியாக அவர்கள் கடலிலிருந்து 2,000 ஹெக்டேர் எடுத்து மாஸ்ஃப்ளாக்டே-2 என்ற விரிவாக்கத்தை அமைத்தபோது, ஈடாகக் கடலடியில் 25,000 ஹெக்டேரைப் பாதுகாப்புப் பகுதியாக்க வேண்டியிருந்தது, கரையில் புதிய மணல்மேடுகள் போட வேண்டியிருந்தது. தானாக நடந்ததில்லை அது. மீனவர்கள், விவசாயிகள், சூழல் அமைப்புகள் ஆட்சேபித்தார்கள். 2005இல் அந்த நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் திட்டத்தின் முக்கிய முடிவுகளை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. சரிசெய்து கொண்டுவந்த பிறகுதான் வேலை ஆரம்பமானது. அங்கே துறைமுகத்தை யாரும் வெறுக்கவில்லை. விடாமல் கேட்டார்கள்.

நாங்கள் கேட்காமல் இருந்ததுதான் எங்கள் குற்றம். தெரியாமல் இருந்தோம் என்று சொல்ல வழியில்லை. ஆறு காய்ந்ததும் தீவு மூழ்கியதும் நாளிதழில் மாவட்டப் பக்கத்தில் வந்துகொண்டேதான் இருந்தன. எழுதுகிறவர்கள் கொற்கையின் முத்தைப் பற்றி எழுதினோம். ஆசிரியர்கள் தேர்வுக்கு வருவதைச் சொல்லிக்கொடுத்தோம். வியாபாரிகள் சரக்கு இறங்கினால் போதும் என்றிருந்தோம். கட்சிக்காரர்கள் எதிர்க்கட்சியாக இருக்கும்போது மட்டும் ஆற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டோம். விவசாயியும் மீனவரும் உப்பளத் தொழிலாளியும் தனித்தனியாக, தனித்தனி நாட்களில், ஒரே கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஒருவர் உட்கார்ந்த நாளில் மற்றவர் வரவில்லை.

கொற்கை தூர்ந்தபோது போவதற்குக் காயல் இருந்தது. காயல் தூர்ந்தபோது தூத்துக்குடி இருந்தது. தூத்துக்குடிக்கு அடுத்து கரையில் இடமில்லை. வடக்கே வேம்பாறு, தெற்கே மணப்பாடு என்று எங்கே பார்த்தாலும் யாராவது வலை உலர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தடுத்து வரப்போகிற திட்டங்களுக்குச் சட்டப்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியவை உண்டு. நாளிதழின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் அறிவிப்பு வரும், முப்பது நாள் அவகாசம் இருக்கும், சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் கலெக்டர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்கும். அதைப் போய்ப் படியுங்கள். தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே, காரியாச்சல்லிக்கும் வான் தீவுக்கும் என்ன ஆகும், உப்பளத்துப் பெண்களுக்கு என்ன வழி என்ற கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள். ஆத்தூர்க் கொடிக்கால்காரரும் புன்னைக்காயல் மீனவரும் முள்ளக்காட்டு அளத்துக்காரரும் துறைமுக ஊழியரும் ஒரே நாளில், ஒரே பந்தலில் உட்கார வேண்டும். அன்றைக்கு உங்கள் கடையை அரை நாள் அடையுங்கள், பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.